பிரேம்சந்த் ராய்சந்த்: விலையும் மதிப்பும்

மும்பைப் பல்கலைக்கழக நூலகத்தோடு இணைந்து 280 அடி உயர்ந்து நிற்கும் மணிக்கூண்டிற்கு இராஜாபாய் கோபுரம் என்பது பெயர். இராஜாபாய் அரச குலத்தவர் அல்லர். ஆங்கில ஆளுநர் எவருடைய துணைவியாரும் அல்லர். குஜராத்திலிருந்து பம்பாய்க்குக் குடிபெயர்ந்த சமண வணிகக் குடும்பமொன்றின் மூதாட்டியார். கண்பார்வை இழந்த அவர், பொழுது சாயுமுன் உண்ணும் நோன்பைத் தவறாது காத்தவர் என்றும், பிறரைக் கேளாமல் அவர் நேரம் அறிய அம்மணியொலி உதவிற்று என்றும் வழிவழியாகச் சொல்வர். அக்கோபுரத்திற்குப் பொருள் அளித்துத் தாயின் பெயரைச் சூட்டிய மகனாரே பிரேம்சந்த் ராய்சந்த். தம் முப்பத்தைந்து வயதிற்குள் பெரும்பொருள் ஈட்டி, பெரும்பொருள் வழங்கி, பெரும்பொருள் இழந்தவர் அவர்.

அவருடைய வரலாற்றை இவ்விதழில் எழுத முற்பட்டமைக்குக் காரணம் உண்டு. இந்நாளில் நம் இல்லங்களில் இளைஞர்கள் கைபேசி வழியாகவே பங்குகளை வாங்குகின்றனர், விற்கின்றனர். ஓய்வூதியம் பெறும் பெரியவர்களும், மகளின் திருமணத்திற்கெனச் சேர்த்து வைத்த தாய்மார்களும் அவ்வழியில் பணத்தைச் செலுத்துகின்றனர். விலை ஏறுமா என்று கேட்பவர் பலர். அந்தப் பங்கின் உண்மை மதிப்பு யாது என்று கேட்பவர் மிகச் சிலர். இவ்விரு வினாக்களுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டைப் பிரேம்சந்தின் வாழ்க்கையைப்போல் தெளிவாகக் காட்டும் வரலாறு வேறொன்றை யாம் அறியோம்.

வட்டக்கோட்டை தரும் பாடம்

பங்கு வணிகம் என்பது தொலைவிலுள்ள பெருநகரத்தாருக்கே உரியது என்று எண்ணிவிடுதல் வேண்டா. கன்னியாகுமரி மாவட்டத்தில், அஞ்சுகிராமத்தை அடுத்த கடற்கரையில், கருங்கல் மதிலோடு வட்டக்கோட்டை நிற்கிறது. யாம் வாழும் பகுதி அது. பதினெட்டாம் நூற்றாண்டில் மார்த்தாண்டவர்மர் திருவிதாங்கூரை ஆண்டபோது, அக்கோட்டையை வலுப்பெறக் கட்டுவித்தவர் டிலனாய் என்னும் படைத்தலைவர். அவர் முன்பு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் இருந்தவர். 1741-ஆம் ஆண்டு குளச்சல் போரில் பிடிபட்டு, பின்னர் திருவிதாங்கூர்ப் படையிலேயே உயர்பதவி பெற்றவர்.

அவரை அனுப்பிய அந்தக் கம்பெனி 1602-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. பொதுமக்களிடம் பங்குகளை விற்று முதல் திரட்டி, அப்பங்குகள் ஆம்ஸ்டர்டாம் நகரச் சந்தையில் கைமாறும்படி நடந்த நிறுவனங்களுள் அதுவே முன்னோடி. இரு நூற்றாண்டுக் காலம் உலகக் கடல்களில் வாணிகம் செய்த அது, பிற்காலத்தில் கடன் பெருகியபோதும் பங்குதாரர்க்கு ஈவுத்தொகை வழங்கி வந்தது. ஈவு வருகிறது என்று மகிழ்ந்தவர்கள் அது ஈட்டியதிலிருந்து வருகிறதா, கடனிலிருந்து வருகிறதா என்று பாராதொழிந்தனர். 1799-ஆம் ஆண்டின் இறுதியோடு கம்பெனி முடிவுற்றது. டிலனாய் கட்டுவித்த கல்மதில் இன்றும் நிற்கிறது. அவரை அனுப்பிய நிறுவனத்தின் பங்கோ வெறுந்தாளாயிற்று. இதே நிகழ்ச்சி நம் நாட்டு மண்ணில், நம் சமயத்தவர் ஒருவர் வாழ்வில், அறுபதாண்டுகளுக்குப் பின் வேறு வடிவில் நிகழ்ந்தது.

இளமையும் தரகுத் தொழிலும்

பிரேம்சந்த் 1830-களின் தொடக்கத்தில் சூரத் நகரைச் சேர்ந்த சமணக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் ராய்சந்த் வணிகர். குடும்பம் பம்பாயை அடைந்தபின், எல்பின்ஸ்டன் கல்விக்கூடத்தில் ஆங்கிலக் கல்வி பெற்றார் பிரேம்சந்த். ஆங்கிலம் படிக்கவும் எழுதவும் பேசவும் அறிந்த இந்தியத் தரகர் மிக அரியராய் இருந்த காலம் அது. ஐரோப்பிய வணிகரோடு இடையாள் இன்றி நேரே பேசும் ஆற்றல் அவரை விரைவில் உயர்த்திற்று.

அந்நாளில் பங்குச்சந்தை என்று தனிக்கட்டடம் இல்லை. நகர மண்டபத்தின் எதிரே ஆலமரங்களின் நிழலில் தரகர்கள் கூடிப் பேரம் பேசினர். 1840-களில் பெயர்பெற்ற தரகர் அரை டஜன் பேருக்கு மேல் இலர். 1860-ஆம் ஆண்டளவில் அவர்கள் ஏறத்தாழ அறுபதின்மர் ஆயினர். அவர்களுள் தலைவராக மதிக்கப்பெற்றவர் பிரேம்சந்த். அப்போது அவருக்கு வயது முப்பதுகூட நிறையவில்லை.

பருத்தியால் வந்த செல்வம்

1861-ஆம் ஆண்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உள்நாட்டுப் போர் மூண்டது. வடபகுதியின் கடற்படை தென்பகுதித் துறைமுகங்களை முற்றுகையிட்டது. இங்கிலாந்தின் இலங்காசயர் ஆலைகள் அத்தென்பகுதிப் பருத்தியையே பெரிதும் நம்பியிருந்தன. வரத்து நின்றதும் அவர்கள் பார்வை இந்தியாவின்மேல் திரும்பியது. குஜராத்திலும் தக்காணத்திலும் விளைந்த பருத்தி பம்பாயிலிருந்து கப்பலேறியது. நம் தென்பகுதியில் திருநெல்வேலிச் சீமைக் கரிசல் பருத்தியும் தூத்துக்குடித் துறைமுகம் வழியே சென்றது. போர் நடந்த ஆண்டுகளில், வழக்கமாக வரும் வருவாய்க்கு மேல் ஏறத்தாழ எட்டுக்கோடி பவுன் பம்பாயை வந்தடைந்தது என்று வரலாற்றாசிரியர் கணக்கிடுவர்.

இவ்வணிகத்தில் பிரேம்சந்த் காட்டிய திறமை வியக்கத்தக்கது. பருத்தி விளையும் ஊர்களிலேயே முகவர்களை அமர்த்தி, பொதிகள் நகருக்கு வருமுன்னரே அவர் வாங்கினார். லிவர்பூல் நகர விலைச்செய்தி அஞ்சல் கப்பலில் வரவேண்டிய காலம் அது. அக்கப்பல் துறைமுகத்தை அடையுமுன் படகு அனுப்பிச் செய்தியைப் பெற்றுவிடுவார் என்று சொல்லப்படுகிறது. எந்த ஊர்ப் பஞ்சு எத்தகைய இழை உடையது, அதில் தூசு எவ்வளவு, லிவர்பூலில் அதற்கு என்ன கிடைக்கும் என்பனவெல்லாம் அறிந்து செய்த வணிகம் அது. பொருளின் மதிப்பை முதலில் கண்டு, பின்னரே விலை பேசிய வரையில் அவர் பெரும்பாலும் தவறவில்லை. இதனை வாசகர்கள் நினைவிற்கொள்ள வேண்டுகிறோம்.

பங்குப் பித்து

வந்து குவிந்த வெள்ளி எங்கேனும் செல்ல வேண்டுமன்றோ? நகரத்தில் புதிய புதிய நிறுவனங்கள் எழுந்தன. 1865-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பம்பாயில் 31 வங்கிகளும், 8 நிலக் கம்பெனிகளும், வேறு 62 கூட்டுப்பங்கு நிறுவனங்களும் இருந்தன. தரகர் தொகை இருநூற்றைக் கடந்தது. இப்புதிய முயற்சிகள் பலவற்றின் பின்னே பிரேம்சந்தின் கை இருந்தது. எந்தப் பங்கை யாருக்கு ஒதுக்குவது என்பது அவர் சொல்லைப் பொறுத்ததாயிற்று. பங்கு ஒதுக்கீடு வேண்டி அவர் இல்லத்தில் காத்திருந்தவருள் அலுவலரும் உண்டு; வணிகரும் உண்டு; ஐரோப்பியரும் உண்டு.

அவற்றுள் பெரும்பெயர் பெற்றது பேக் பே நிலமீட்புக் கம்பெனி. நகரின் மேற்குக் கடலோரத்தைத் தூர்த்து நிலமாக்கி விற்பது அதன் நோக்கம். அதன் 5,000 ரூபாய்ப் பங்கு ஏறி ஏறி 50,000 ரூபாய் வரை விலைபோயிற்று. அவ்விலை கொடுத்து வாங்கப்பட்டபோது, விற்றற்குரிய நிலம் பெரும்பாலும் கடல்நீரின் அடியில் கிடந்தது.

பாம்பே வங்கியின் நிலையும் இங்கே கூறத்தக்கது. 1840-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற அவ்வங்கி, அரசும் பங்கு கொண்ட மதிப்புமிக்க நிறுவனம். 1863-ஆம் ஆண்டு அதன் விதிகள் தளர்த்தப்பட்டமையால், பங்குப் பத்திரங்களை ஈடாகக் கொண்டு கடன் வழங்கும் வழி திறந்தது. பிரேம்சந்தின் செல்வாக்கு அவ்வங்கியின் உள்ளும் பரவிற்று. போதிய ஈடின்றியும் அவருக்கும் அவரைச் சார்ந்தார்க்கும் கடன் வழங்கப்பட்டது. அக்கடனால் பங்குகள் வாங்கப்பட்டன. வாங்கியதால் விலை ஏறிற்று. விலை ஏறிய பங்குகளை ஈடாக வைத்து மேலும் கடன் பெறப்பட்டது. இச்சுழலில் புதிதாக விளைந்த பொருள் ஒன்றும் இல்லை. ஒருவர் கையிலிருந்த தாள் மற்றொருவர் கைக்கு மாறியது. ஒவ்வொரு முறையும் அதில் எழுதிய எண் மட்டும் பெருகியது.

1865 ஜூலை 1

1865 ஏப்ரல் மாதத்தில் அமெரிக்கத் தென்பகுதியின் படைத்தலைவர் லீ சரணடைந்தார். செய்தி பம்பாயை எட்டியதும் பருத்தி விலை சரிந்தது. பருத்தியை நம்பி வாங்கிய கடனும், கடனை நம்பி ஏறிய பங்கு விலையும் உடன் சரிந்தன. அன்றைய பேரங்களுள் பல தவணைப் பேரங்கள். இன்று விலை பேசி, பின்னொரு நாளில் பணம் செலுத்துவதாக ஒப்புக்கொள்பவை. அவற்றுள் மிகுதியானவற்றுக்குக் குறித்த நாள் 1865 ஜூலை 1. அந்நாளில் செலுத்தப் பணம் உடையார் அரியராயினர். ஒருவர் தர இயலாதபோது அவரை நம்பிய மற்றவரும் வீழ்ந்தார். நொடித்தவர்க்கென அரசு தனிச்சட்டமே இயற்ற நேர்ந்தது.

2,850 ரூபாய் வரை விலைபோன பாம்பே வங்கிப் பங்கு, பின்னர் 87 ரூபாய்க்கே விற்கும் நிலையை அடைந்தது. வங்கி 1868-இல் கலைக்கப்பட்டது. அதன் வீழ்ச்சியை ஆராய அரசு விசாரணைக் குழு அமைத்தது. பேக் பே கம்பெனியும் கலைப்புக்கு உள்ளாயிற்று. பிரேம்சந்தின் பெருஞ்செல்வமும் அவ்வெள்ளத்தில் போயிற்று. அவரோடு, அவர் பெயரை நம்பி வாங்கிய எண்ணற்ற சிறு குடும்பங்களின் சேமிப்பும் போயிற்று. அவருடைய கொடைகளைப் போற்றுவோர் இதனைச் சொல்லாது விடுதல் வாய்மைக்கு ஏற்றதன்று.

தோப்பை மதிப்பிடும் முறை

அன்று வாங்கியோர் எதனைக் கேட்டிருத்தல் வேண்டும்? இதற்கு விடை காண, எம் பகுதியார் தென்னந்தோப்பு வாங்கும் முறையை எண்ணிப் பார்ப்போம். அடுத்தவர் என்ன விலை சொன்னார் என்று கேட்டு எவரும் தோப்பு வாங்குவதில்லை. மரம் எத்தனை, காய்ப்பு எவ்வளவு, வெட்டுக்கூலியும் உரச்செலவும் போக நிற்பது யாது என்று கேட்பர். ஒரு பருவத்துக் காய் விலையைக் கொண்டு முடிவு செய்யார். பல ஆண்டுகளின் சராசரியைப் பார்ப்பர். கிணற்றில் கோடையிலும் நீர் நிற்குமா, தோப்பின்மேல் அடமானம் உண்டா, பார்த்துக்கொள்பவர் நேர்மையானவரா என்று விசாரிப்பர்.

ஒரு தோப்பில் செலவு போக ஆண்டுக்குச் சராசரி ஒரு லட்சம் ரூபாய் நிற்கிறது எனக் கொள்வோம். நூற்றுக்கு எட்டு ரூபாயேனும் வரவேண்டும் என்று நினைப்பவருக்கு அதன் மதிப்பு பன்னிரண்டரை லட்சம். அது ஒன்பது லட்சத்திற்குக் கிடைத்தால் வாங்கலாம். கணக்கில் சிறிது பிழை இருப்பினும் தாங்கும். அறுபது லட்சம் கேட்டால் நூற்றுக்கு இரண்டு ரூபாய்கூட வாராது. அடுத்த ஆண்டு எழுபது லட்சத்திற்கு வாங்க ஒருவர் வருவார் என்னும் நம்பிக்கை ஒன்றே அவ்விலைக்குத் துணை. அந்த ஒருவர் வாராமற்போனால் கையில் நிற்பது ஆண்டுக்கு ஒரு லட்சம் தரும் தோப்பே.

பங்கும் இத்தகையதே. பங்கு என்பது ஒரு தொழிலின் உடைமையில் ஒரு துண்டு. அதனை வாங்குமுன் காண வேண்டியவை நான்கு. முதலாவது, தொழில் பல ஆண்டுகளாக ஈட்டிவரும் ஆதாயம். அதனைப் பங்குகளின் தொகையால் வகுத்தால் ஒரு பங்கிற்குரிய ஆதாயம் கிடைக்கும். பங்கின் விலையை அவ்வாதாயத்தால் வகுத்தால், எத்தனை ஆண்டு ஆதாயத்தை முன்கூட்டியே கொடுக்கிறோம் என்பது தெரியும். பங்கொன்றுக்குப் பத்து ரூபாய் ஈட்டும் தொழிலை நூறு ரூபாய்க்கு வாங்குவது பத்தாண்டு ஆதாயத்திற்குச் சமம். ஆயிரம் ரூபாய்க்கு வாங்குவது நூறாண்டு ஆதாயத்திற்குச் சமம். வளரும் தொழிலுக்குச் சிறிது மிகுதியாகக் கொடுக்கலாம். இளங்கன்றுகள் நிறைந்த தோப்புக்குக் கொடுப்பதில்லையா? ஆயினும் எவ்வளவு வளர்ந்தால் அவ்விலை தகும் என்று கணக்கிட்டே கொடுத்தல் வேண்டும். இரண்டாவது, இருப்புநிலைக் குறிப்பு. சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு என்று அது காட்டும். மூன்றாவது, அவ்வாதாயம் எதன்மேல் நிற்கிறது, அது நிலைக்குமா என்னும் வினா. நான்காவது, நடத்துவோரின் நேர்மை.

இந்நான்கு வினாக்களையும் 1864-ஆம் ஆண்டில் ஒருவர் எழுப்பியிருந்தால் விடை தெளிவாகவே கிடைத்திருக்கும். பேக் பே கம்பெனிக்கு ஆண்டு ஆதாயம் இல்லை. சொத்தும் பெரும்பாலும் கடலில் கிடந்தது. பாம்பே வங்கிக்குச் சொத்தாகக் காட்டப்பட்ட கடன்களின் ஈடு, ஏறிய விலையில் மதிப்பிடப்பட்ட பங்குகளே. நகரத்தின் செல்வம் அனைத்தும் வேற்று நாட்டில் நடந்த ஒரு போரின்மேல் நின்றது. போர் என்றேனும் முடியும் என்பதை அறியாதவர் எவர்? கடன் கொடுப்போரும் கடன் கொள்வோரும் ஒரே வட்டத்தினராய் இருந்தமையால் தட்டிக்கேட்பார் இலர்.

இம்முறையை ஒரு கல்வித்துறையாக வகுத்தவர் அமெரிக்கரான பெஞ்சமின் கிரஹாம். 1929-ஆம் ஆண்டின் பங்குச்சந்தை வீழ்ச்சியில் அவரும் பெரிதும் இழந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டே, டேவிட் டாட் என்பாருடன் சேர்ந்து 1934-இல் அவர் வெளியிட்ட நூல் இத்துறைக்கு அடிப்படை ஆயிற்று. பல ஆண்டு ஆதாயத்தின் சராசரியைக் கொள்ளுதல், உண்மை மதிப்பிற்குக் கணிசமாகக் குறைந்த விலையிலேயே வாங்கிப் பிழைக்கு இடம் விடுதல் ஆகிய இரண்டும் அவர் வற்புறுத்தியவை. தோப்பு வாங்கும் நம் பெரியோர் ஏட்டில் படியாமலே செய்துவந்தவை அவை.

அளவைக் குற்றம்

இது பொருளீட்டும் தந்திரம் மட்டுமாயின் இவ்விதழில் எழுதத் துணியோம். இல்லறத்தார்க்கு நம் சமயம் விதித்த அணுவிரதங்கள் ஐந்தனுள் கள்ளாமையும் ஒன்று. அதற்குரிய இழுக்குகளாகச் சான்றோர் எண்ணியவற்றுள், குறைந்த அளவையால் கொடுத்து மிகுந்த அளவையால் கொள்ளுதலும், போலிப் பொருளை நல்லதெனக் காட்டி விற்றலும் உள்ளன. ஒரு படி அரிசியை முக்காற்படியாக அளந்து கொடுப்பது குற்றமாயின், நூறு ரூபாய் மதிப்புள்ள பங்கை ஆயிரம் பெறும் என்று பிறர் தலையில் கட்டுவதும் அதே குற்றம் அன்றோ? உறவினர்க்கும் அண்டை வீட்டார்க்கும் இந்தப் பங்கை வாங்குங்கள் என்று பரிந்துரைக்குமுன் நாம் அதனை நிறுத்துப் பார்த்தோமா என்று எண்ணுதல் கடமை. விற்பவர்க்கு மட்டுமன்று, சொல்பவர்க்கும் துலாக்கோல் வேண்டும்.

மிகுபொருள் விரும்பாமை என்னும் ஐந்தாம் விரதமும் இங்குப் பொருந்தும். அது வறுமையை விதிக்கவில்லை. எனக்கு இவ்வளவு போதும் என்று முன்னரே வரையறுத்துக்கொள்ளச் சொல்கிறது. வரையறை உடையவர் கடன் வாங்கிப் பங்கு வாங்கார். ஏறுகின்ற விலையைக் கண்டு உறக்கம் இழவார். 1865-ஆம் ஆண்டு வீழ்ந்தோரில் பலர், முந்தைய ஆண்டே விற்றிருந்தால் வாழ்நாள் முழுவதும் செல்வராய் இருந்திருப்பர். போதும் என்னும் எண் அவர்கள் கணக்கேட்டில் இல்லை.

கொடையின் வரலாறு

பிரேம்சந்தின் கணக்கேட்டில் மற்றொரு பக்கமும் உண்டு. செல்வம் உச்சத்தில் இருந்த 1864-ஆம் ஆண்டு, பம்பாய்ப் பல்கலைக்கழகத்திற்கு நூலகம் அமைக்க இரண்டு லட்சம் ரூபாயும், மணிக்கூண்டு அமைக்க இரண்டு லட்சம் ரூபாயும் அளித்தார். கட்டட அமைப்பை இங்கிலாந்தின் பெயர்பெற்ற சிற்பி ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் வரைந்தார். 1869-இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1878-இல் பணி நிறைவெய்தியது. கொடுத்தவர் தம் செல்வத்தை இழந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனபின் அக்கோபுரம் எழுந்து நின்றது. மும்பையின் அப்பகுதிக் கட்டடங்களை யுனெஸ்கோ நிறுவனம் 2018-ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. இராஜாபாய் கோபுரமும் அத்தொகுதியில் அடங்கும்.

கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற்கும் அவர் இரண்டு லட்சம் ரூபாய் வழங்கினார். அதன் வருவாயிலிருந்து பிரேம்சந்த் ராய்சந்த் ஆராய்ச்சி உதவித்தொகை 1868 முதல் வழங்கப்படலாயிற்று. பின்னாளில் அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கிய அசுதோஷ் முகர்ஜி, வரலாற்றறிஞர் யதுநாத் சர்க்கார், ரமேஷ் சந்திர மஜும்தார் ஆகியோர் அவ்வுதவி பெற்றவர்கள். வங்க நாட்டில் ஒருவர் அத்தொகை பெற்றவர் எனின் அதுவே பெருந்தகுதியாகக் கருதப்பட்டது. ஆமதாபாத்தில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றும் அவர் பெயர் தாங்கியது. ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பள்ளிப்பணியில் வாழ்நாளைச் செலவிட்ட எமக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருகிறது. பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர் ஆண்டுதோறும் நாற்பது பிள்ளைகளுக்குக் கற்பிப்பராயின், அம்முதல் ஈட்டும் ஆதாயத்தை எந்த இருப்புநிலைக் குறிப்பில் எழுதுவது?

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் சிதறால் திருச்சாரணத்து மலைப் பாறையில், குணந்தாங்கிக் குரத்திகள் என்னும் சமணத் துறவியார் வழங்கிய கொடை ஒன்பதாம் நூற்றாண்டில் பொறிக்கப்பட்டுள்ளது. கொடையாளரின் மற்றைச் செய்திகள் பெரும்பாலும் மறைந்தொழிந்தன. கொடை மட்டும் கல்லில் நிற்கிறது. பிரேம்சந்திற்கும் ஏறத்தாழ அவ்வாறே ஆயிற்று.

பின்வாழ்வு

வீழ்ச்சிக்குப் பின்னும் அவர் பம்பாயை விட்டு ஓடிவிடவில்லை. அதே நகரில், தம்மால் இழந்தோரும் வாழ்ந்த தெருக்களில், மேலும் நாற்பதாண்டு வாழ்ந்தார். பழைய உச்சத்தை மீண்டும் எட்டவில்லை எனினும், தரகும் பருத்தி வணிகமுமாகத் தொழிலைத் தொடர்ந்தார். ஒழுங்கற்ற பேரத்தின் விளைவைத் தம் வாழ்விலேயே கண்ட தரகர்கள் தமக்கென ஒரு சங்கமும் விதிகளும் வேண்டும் என்று உணர்ந்தனர். 1875-ஆம் ஆண்டு சுதேசித் தரகர் சங்கம் அமைந்தது. அதனை அமைத்தோருள் பிரேம்சந்தும் ஒருவர். நுழைவுக் கட்டணம் ஒரு ரூபாய். உறுப்பினர் 318 பேர். அச்சங்கமே வளர்ந்து தலால் தெருவிலுள்ள மும்பைப் பங்குச்சந்தை ஆயிற்று. 1906-ஆம் ஆண்டு பிரேம்சந்த் மறைந்தார்.

அவர் காலத்தில் வாங்குவோர்க்குக் கணக்கைக் காட்டும் சட்டம் முறையாக இல்லை. இன்று நிலைமை வேறு. 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழிச் செபி என்னும் ஒழுங்குமுறை வாரியம் அதிகாரம் பெற்றது. சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் பொதுவாக மூன்று மாதங்களுக்கு ஒருமுறை தம் வரவு செலவு முடிவை வெளியிடுதல் வேண்டும். ஆண்டறிக்கையும் எவர்க்கும் கிடைக்கிறது. 1865-இல் வாங்கினோர்க்குக் கணக்கு கிடைக்கவில்லை என்று ஒரு சமாதானம் சொல்லலாம். நமக்கு அச்சமாதானம் இல்லை.

பிரேம்சந்தின் வாழ்வையே அவர் மறந்த துலாக்கோலில் இட்டுப் பார்ப்போமாயின், கடன் பக்கத்தில் பிறர் இழந்த சேமிப்பும் ஒரு வங்கியின் வீழ்ச்சியும் நிற்கும். உடைமைப் பக்கத்தில் நூலகமும், உதவித்தொகையும், ஆசிரியர் கல்லூரியும், தாயின் பெயர் தாங்கிய கோபுரமும் நிற்கும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை அழித்துவிட முடியாது. நேர்மையான கணக்கில் இரு பக்கமும் எழுதப்படும். அவரிடமிருந்து கொள்ள வேண்டியது கொடையுள்ளம். தள்ள வேண்டியது நிறுக்காமல் கொண்ட பேரம்.

நம் இல்லங்களில் அடுத்த முறை யாரேனும் ஒரு பங்கை வாங்க முனையும்போது, அந்நிறுவனத்தின் ஆண்டறிக்கையை மேசைமேல் வைத்து, வீட்டிலுள்ளோர் சேர்ந்து அந்நான்கு வினாக்களையும் கேட்பாராக. விடை தெரியாவிடின் வாங்காதிருப்பாராக. பிள்ளைகளுக்கும் அதனைக் கற்பிப்பாராக. விலையை ஊர் சொல்லும். மதிப்பை நாமே நிறுத்து அறிதல் வேண்டும். அறம் வளர்க.